நடுவதற்கு முன் நடந்து பாருங்கள்

கல்குடாவுக்கு விடுமுறையில் வரும் குடும்பம் நேரே கடலுக்குத்தான் ஓடும். பாசிக்குடாவின் ஆழமில்லாத நீர் பிள்ளைகளை அப்படி இழுக்கும். ஒரு காலைப் பொழுதையாவது கடலுக்கு முதுகு காட்டி, வாழைச்சேனை வாவியோரக் கண்டல் காட்டில் கழித்துப் பாருங்கள். மரம் தெரிந்த மீனவர் ஒருவர் கூட வந்தால், பாடப்புத்தகம் வேண்டாம். நாக்கும் மூக்கும் போதும்.

அவர் காட்டும் கண்ணா மரத்தின் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர்வழியே வந்த உப்பை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் குத்தியதுபோல் நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வரும். ஒட்சிசன் இல்லாமல் வாழும் பக்டீரியாக்கள் விடும் ஐதரசன் சல்பைட்டு வாயு அது. அந்தச் சேற்றுக்குள் காற்று கிடைக்காததால்தான் வேர்கள் மேலே எட்டிப் பார்க்கின்றன. தில்லை மரத்தை மட்டும் பிள்ளைகள் ஒடிக்க விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கண்டல் வகைகள் சிலவற்றில் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய்போல் தொங்கும் அந்த முளை, விழுந்த சேற்றில் குத்தி நிற்கும், இல்லையேல் மிதந்துபோய் வேறு கரையில் வேர்விடும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் கண்டல் நடுவது பெரும் இயக்கமாயிற்று. நட்ட இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் 200 முதல் 220 ஹெக்டேரே தேறியதாகச் சொன்னது. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கண்டலுக்கு ஏற்ற நிலம் கரையோரம் ஒரு நாடாபோல ஒடுங்கியது. சற்றுத் தள்ளி நட்டால், எப்போதும் நீரில் மூழ்கியோ வெயிலில் காய்ந்தோ கன்று சாகும். நட்ட பிறகு கவனிக்க ஆளில்லாமல், மாடு மேய்ந்து போனவையும் உண்டு.

ஆகவே முதல் வருகையில் கன்று எதையும் கொண்டுபோக வேண்டாம். தானாக விழுந்து வேர்பிடித்த கண்டல் முளை ஒன்றைப் பிள்ளைகள் தேடிப் பிடித்து, அது நிற்கும் இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்க்கட்டும். அடுத்த விடுமுறையில் வந்து, எத்தனை சோடி இலை கூடியிருக்கிறது என்று எண்ணட்டும். எங்கே நடலாம் என்று அப்போது அவர்களையே கேளுங்கள்.