விமானப்படைத் தரைப்பணியாளர்கள்

போர் விமானங்களைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள் விமானப்படைத் தரைப்பணியாளர்கள் எனப்படுவர். வான்போரை விமானிகளின் பெயர்களால் வரலாறு நினைவில் வைத்துள்ளது. அந்த விமானங்களை வானுக்கு அனுப்பியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை.

தோற்றம்

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. அதன் முதல் அணி 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் உருவானது. அதில் நான்கு வாபிட்டி விமானங்களும், 'ஹவாய் சிப்பாய்' என அழைக்கப்பட்ட 19 பணியாளர்களும் இருந்தனர்.

பணிகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எஞ்சினைக் கவனித்தவர் ஃபிட்டர். இறக்கை, உடற்பகுதி ஆகியவற்றைக் கவனித்தவர் ரிக்கர். குண்டுகளையும் துப்பாக்கிகளையும் பொருத்தியவர் ஆர்மரர். மின்சாரம், வானொலி, அளவைக் கருவிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆட்கள் இருந்தனர். விமானம் தரையிறங்கியதும் எரிபொருள் நிரப்பி, தோட்டா ஏற்றி, குண்டு துளைத்த இடங்களை அடைத்து, விரைவில் மீண்டும் அனுப்ப வேண்டும்.

செய்த வேலைக்குப் பொறுப்பேற்று, பணியாளர்கள் 'படிவம் 700' என்னும் பதிவேட்டில் கையொப்பமிடுவர். அதைப் பார்த்த பின்பே விமானி விமானத்தை ஏற்றுக்கொள்வார். ஓர் ஆணி தளர்ந்திருந்தாலும் உயிரிழப்பு நேரலாம் என்பதால், அந்தக் கையொப்பம் வெறும் சடங்கு அன்று.

பர்மா, 1942

1942 பிப்ரவரியில் முதலாம் ஸ்குவாட்ரன் லைசாண்டர் விமானங்களுடன் பர்மாவின் டவுங்கூ சென்றது. லைசாண்டர், தரைப்படைக்காக வேவு பார்க்க வடிவமைக்கப்பட்ட மெதுவான விமானம். அதில் 250 பவுண்டு குண்டுகளைச் சுமக்கத் தக்க மாற்றங்களைத் தரைப்பணியாளர்கள் களத்திலேயே செய்தனர். ஜப்பானியர் டவுங்கூவைத் தாக்கியதும், ஸ்குவாட்ரன் தலைவர் கே. கே. மஜும்தார் அவர்களுடைய விமானத்தளத்தின் மீது அக்குண்டுகளை வீசினார். எதிரி விமானங்கள் முதலில் குறிவைப்பது விமானத்தளங்களையே என்பதால், தரையில் இருந்தவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை.

இப்பணியாளர்களை வழிநடத்தியவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூரில் பொறியியல் படித்தும் ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்தவர். பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்து, பராமரிப்புக் கட்டளையகத்தின் தலைவரானார். அவருடன் உழைத்த மற்றவர்களுள் பலரின் பெயரை நாம் அறியோம்.

இன்று

விமானத் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குச் சென்னை தாம்பரத்தில் பயிற்சி நிலையம் உள்ளது. விமானப்படை என்றதும் விமானியை மட்டுமே எண்ணும் மாணவர்கள், கணிதமும் இயற்பியலும் கருவிகளைக் கையாளும் திறனும் அங்கு எவ்வளவு தேவை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.