இரண்டு எழுத்துகளில் பிறந்த இயக்க அமைப்பு

ஒரு நேரத்தில் ஒரு கட்டளையையே நிறைவேற்றும் செயலகம், பல நிரல்களை ஒருங்கே நடத்துவதுபோல் தோன்றுவது எவ்வாறு? ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் தவணையில் வாங்கிய 386 வகைக் கணினியில் இதனைத் தாமே செய்துபார்த்தார். ஒரு நிரல் 'ஏ' என்னும் எழுத்தையும், மற்றொன்று 'பி' என்னும் எழுத்தையும் இடைவிடாது எழுதின. கணினியின் கடிகாரம் குறித்த இடைவெளியில் குறுக்கிட்டது. உடனே நடப்பு நிரலின் பதிவக மதிப்புகள் நினைவகத்தில் காக்கப்பட்டு, மற்ற நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. திரையில் 'ஏ' வரிசையும் 'பி' வரிசையும் மாறிமாறித் தோன்றின. காண்பவர்க்கு அவை வெறும் எழுத்துகளே. இயக்க அமைப்பின் உயிர்நாடியோ அம்மாற்றத்தில்தான் உள்ளது.

பின்னர் ஒரு நிரல் விசைப்பலகையில் தட்டியதை மோடத்திற்கு அனுப்ப, மற்றொன்று மோடம் தந்ததைத் திரையில் காட்டியது. இவ்வழியே அவர் வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணினியை அணுகினார். அங்கிருந்து பெற்ற கோப்புகளைச் சேமிக்க வேண்டுமெனில், வட்டினை இயக்கும் நிரல் வேண்டும்; கோப்பு முறைமையும் வேண்டும். அவற்றையும் எழுதினார். செப்டம்பரில் லினக்ஸின் 0.01 பதிப்பு வெளிவந்தது. எனினும் அது தனித்து நிற்கவில்லை. அதனை உருவாக்க மினிக்ஸ் என்னும் வேறோர் இயக்க அமைப்பு தேவைப்பட்டது.

மினிக்ஸில் மோடமும் வன்வட்டும் கோப்புகளைப் போலவே பெயரிட்டு அழைக்கப்படும். ஒருநாள் மோடத்திற்குரிய அழைப்புக் கட்டளையை அவர் தவறுதலாக வன்வட்டிற்கு அனுப்பினார். வட்டு ஏன் என்று கேட்பதில்லை, வந்ததை எழுதிவிடும். மினிக்ஸ் சிதைந்தது. அதனை மீண்டும் நிறுவாமல், அரைகுறையாய் நின்ற தம் லினக்ஸைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார்.