இறந்தவர் மார்பில் ஒரு பச்சை வண்டு

தாயத்து என்றால் உயிரோடிருப்பவர்கள் கட்டிக்கொள்வதுதானே என்பீர்கள். பண்டைய எகிப்தியர்கள் இறந்தவர்களுக்கும் கட்டினார்கள். துட்டங்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையை 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார். 1925-இல் சடலத்தைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு நகையும் தாயத்துமாக நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன!

மன்னனுக்குப் பொன்னும் மணியும். ஏழை வீட்டில்? மணற்கலவையை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, நீலமாய்ப் பளபளக்கச் செய்த சின்னத் தாயத்து. பொருள் ஒன்றுதான். கண் வடிவம், பறிபோய் மீண்டும் குணமான ஹோரஸ் தெய்வத்தின் கண். உடல் ஊனமின்றி முழுமை பெற வேண்டும் என்பதற்கு அடையாளம். தூண் வடிவம் ஒசிரிஸ் தெய்வத்தின் முதுகெலும்பு. சாய்ந்த உடல் நிமிர்வதற்கு.

இவற்றுள் விசித்திரமானது வண்டு. ஆமாம், சாணத்தை உருட்டிச் செல்லும் அதே வண்டுதான்! காலைதோறும் சூரியனை உருட்டி வரும் தெய்வத்தை எகிப்தியர்கள் அதில் கண்டார்கள். பச்சைக் கல்லில் அதைச் செதுக்கி இறந்தவர் மார்பில் வைத்தார்கள்.

காரணம் கேளுங்கள். இறந்தபின் ஒசிரிஸின் சபையில் விசாரணை உண்டு. 42 தெய்வங்கள் அமர்ந்திருக்கும். தராசின் ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறு தட்டில் சத்திய தேவதையின் இறகு. அறிவும் நினைவும் இதயத்தில்தான் இருக்கின்றன என்று நம்பியதால், மூளையை எடுத்தெறிந்தவர்கள் இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். நிறுவையில் தவறினால், முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட பூதம் அந்த இதயத்தை விழுங்கிவிடும். அப்புறம் மறுவாழ்வே கிடையாது.

வண்டின் அடிப்புறத்தில் ஒரு மந்திரம் பொறித்திருக்கும். தெய்வங்களிடம் மன்னிப்புக் கேட்கும் மந்திரமல்ல. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்து நிற்காதே என்று இறந்தவர் தம் இதயத்திடமே கெஞ்சும் மந்திரம். ஊராருக்குத் தெரியாமல் செய்ததெல்லாம் கூடவே பிறந்த இதயத்துக்குத் தெரியுமே! நெஞ்சின் வாயைக் கட்டிவிட்டுத் தப்புகிற வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்லறைத் திருடர்களுக்கோ இந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் ராம்சேஸ் ஆட்சியில், கல்தச்சன் ஒருவன் கூட்டாளிகளோடு பிடிபட்டான். சோபெக்கெம்சாப் என்ற மன்னனின் சடலத்திலிருந்து பொன்னையும் தாயத்துகளையும் கழற்றியதாக ஒப்புக்கொண்டான். அந்த வாக்குமூலம் பாப்பிரஸ் ஏட்டில் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயருள்ள மன்னன் ஒருவனின் வண்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பொன் தகட்டில் பதித்த பச்சைக் கல். உடல் வண்டு, முகம் மட்டும் மனித முகம்.