செங்காந்தள்: பூ இல்லாதபோதும் அடையாளம் காண்பது எப்படி?

செங்காந்தள் வெப்பமண்டல ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளரும் ஏறுகொடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும், கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும் வழங்குவர். கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள்தான்.

பூத்திருக்கும்போது இதை இனங்காண யாருக்கும் உதவி தேவையில்லை. ஓரம் நெளிந்த ஆறு இதழ்கள் பின்னோக்கி வளைந்து, தீச்சுடர் போல மேல்நோக்கி நிற்கும். விரியும்போது பசுமை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சளும் மேலே சிவப்பும். முதிரும்போது முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். அவை தனித்தனி வகைகள் என்று சிலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் அவை ஒரே பூவின் வெவ்வேறு வயதுகள்.

சிக்கல் பூ இல்லாத மாதங்களில்தான். இக்கொடியின் எல்லாப் பாகங்களிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. வேலியோரத்தில் மண்ணைக் கிளறும்போது அகப்படும் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கு என்றோ சர்க்கரைவள்ளி என்றோ கருதிச் சமைத்து உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

ஆகவே மாணவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது இலை நுனி. செங்காந்தள் இலைக்குக் காம்பு இல்லை. நரம்புகள் நெட்டுவாக்கில் இணையாக ஓடும். நுனி கூராகி, நீண்டு, பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். கொடி ஏறுவதே இந்த நுனிகளைக் கொண்டுதான். வள்ளிக்கொடியில் இலை பெரும்பாலும் இதய வடிவில் காம்போடு இருக்கும். இலை நுனி சுருளாது, தண்டே சுற்றி ஏறும். சர்க்கரைவள்ளி தரையில் படரும். அதன் இலையைக் கிள்ளினால் பால் வரும். கிழங்கு மட்டுமே கையில் இருந்தால், இரு கிளையாகப் பிரிந்து, முனைகள் கூர்த்து, ஏர்க்கலப்பையை நினைவூட்டுகிறதா என்று பாருங்கள். ஆனால் உடைந்த துண்டில் இந்த வடிவம் தெரியாது. கொடியைப் பார்க்காமல் எந்தக் காட்டுக்கிழங்கையும் உண்ணக் கூடாது.

உண்டவருக்குச் சில மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது. அறிகுறி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீதிக் கிழங்கையும் கொடியின் இலையையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும். இதே கொல்சிசின் அளவறிந்து கொடுக்கப்படும்போது கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. அந்த விதைக்காகவே திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டப் பகுதிகளில் இது வயற்பயிராக வளர்க்கப்படுகிறது. வீட்டு வைத்தியத்துக்கு உரிய பொருள் அல்ல.

இவ்வளவு அறிந்த பிறகும் இதை வளர்க்கலாமா? சிறு குழந்தைகளோ ஆடுமாடோ இல்லாத வீட்டில் தாராளமாக வளர்க்கலாம். காட்டில் தோண்டாமல், பயிரிடுவோரிடம் கிழங்கு வாங்குங்கள். காட்டுக்கிழங்குகளை அளவின்றித் தோண்டியதால் பல இடங்களில் இக்கொடி அருகிவிட்டது. விதையிலிருந்தும் வளரும், ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். கையுறை அணிந்து, ஆடி வாக்கில், நீர் தேங்காத மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து நடவும். முளை கிளையின் நுனியில் இருப்பதால் அது ஒடிந்தால் அந்தக் கிளை பயன்படாது. நல்ல வெயிலும், பற்றிக்கொள்ள மெல்லிய கம்பியோ வேலியோ வேண்டும். பருத்த கம்பத்தை இலை நுனியால் சுற்ற முடியாது.

பூவில் சூல்தண்டு அடியிலேயே ஒருபக்கமாக வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய்ப்பது குறைவு. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அந்த வேலையைச் செய்யும். வயலில் காலைவேளையில் ஆட்களே பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். வீட்டில் அதற்குத் தேவையில்லை. காய் பிடித்தாலும் பிஞ்சிலேயே கிள்ளிவிடுவது நல்லது: முற்றி வெடிக்கும்போது தெரியும் செந்நிற விதைகள் குழந்தைகளின் கண்ணை ஈர்க்கும்.

தை பிறந்ததும் கொடி மஞ்சளித்துக் காயும். செத்துவிட்டது என்று பலர் பிடுங்கி எறிகிறார்கள், அல்லது தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுகவிடுகிறார்கள். கிழங்கு உறங்குகிறது, அவ்வளவுதான். நீரை நிறுத்திவிட்டு அடுத்த மழைவரை தொட்டியிலேயே விட்டுவிடலாம். தோண்டி எடுத்தால் உலர்ந்த மணலில் புதைத்து, பெட்டியின் மேல் ‘நஞ்சு’ என்று எழுதி, சமையலறைக்கு வெளியே, உயரமான இடத்தில் வையுங்கள்.