எழுத்து அப்படியேதான், புள்ளிதான் மாறியது

சாச்சிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று அறிக்கை வந்த அன்று சாச்சா என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "இது பரம்பரை நோயா மகன்? புள்ளைக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கே." சொந்தக்காரர்களிடம் 'அல்சர்' என்றே சொல்லி வைத்தார்கள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். விஞ்ஞானம் என் பாடமல்ல. என்றாலும் அந்தக் கேள்வியின் பின்னால் போனபோது எழுத்திலக்கணமே எனக்குக் கைகொடுத்தது.

டீ.என்.ஏ. என்ற ஏட்டில் நாலே நாலு எழுத்து. அவை மாறிமாறி ஏறத்தாழ 300 கோடி இடங்களை நிரப்புகின்றன. அந்நாலில் ஒன்றான சைற்றோசினுக்கு அடுத்ததாகக் குவானின் வரும் இடங்களில், சைற்றோசின் மேல் மெதைல் என்ற சிறு கூட்டம் ஒட்டிக்கொள்ளும். ஒரு காபன் அணு, மூன்று ஐதரசன் அணு, அவ்வளவுதான். 'க'வின் மேல் புள்ளி வைத்தால் அகரம் அடங்கிவிடுகிறதே, ஓதும்போது ஸுகூன் வந்தால் உயிரோசை நிற்கிறதே, அதுபோல. பரம்பரையலகொன்றின் தொடக்கத்தில் இப்புள்ளிகள் நெருங்கி விழுந்தால் அது வாய்மூடிவிடும். சுகதேகியிலும் இது நடக்கிறது. ஈரற்கலம் ஈரற்கலமாகவே இருப்பதற்கு இந்த அடக்கமும் வேண்டும்.

புற்றுநோயில் இரு பக்கமும் கெடுகிறது. பெருங்குடற் கட்டிகளில் புள்ளிகள் உதிர்ந்திருப்பதை 1983இல் அமெரிக்காவில் ஃபைன்பேர்க், வோகல்ஸ்டைன் இருவரும் காட்டினார்கள். ஏடெழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட, பின்னால் வாசித்தவர்கள் தடுமாறிய கதை நமக்குத் தெரியும். அடங்கியிருக்க வேண்டியவை இப்படிப் பேசத் தொடங்க, பேச வேண்டியவற்றின் மேல் புதிதாகப் புள்ளி விழுகிறது.

அப்படி அடங்கிப்போகும் ஒன்று எம்.எல்.எச்.1. கலம் பிரியுமுன் டீ.என்.ஏ. பிரதியாகும்போது நேரும் பிழைகளைத் திருத்துவோரில் அதுவும் ஒருவர். அவர் வாயடைத்தால் பிழைகள் குவியும். பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 வீதம் இவ்வாறு திருத்தம் தவறியவை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிற்காலத்தில் கட்டியில் விழுந்த இந்தப் புள்ளிதான். அது பிள்ளைகளுக்குப் போவது மிக அரிது. மிச்சத்தில் பலவற்றில் எழுத்தே பிறப்பிலிருந்து பிழை. லிஞ்ச் நோய் என்பது அதுதான். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

இரண்டையும் பிரித்தறியலாம். வெட்டியெடுத்த துண்டில் எம்.எல்.எச்.1 புரதம் இல்லையென்றால், மெதைலேற்றம் இருக்கிறதா, பிராஃப் என்ற வேறொரு பரம்பரையலகில் குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாச்சியின் துண்டில் இரண்டுமே இருந்தன. சாச்சா அந்தக் கடதாசியை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், தாயத்துப் போல!

திருத்தம் தவறிய கட்டி என்பதில் ஒரு நன்மையும் உண்டு. நோய் பரவியிருந்தாலும், நோயெதிர்ப்பைத் தூண்டும் புதிய மருந்துகளுக்கு இவ்வகைக் கட்டிகளில் பல நன்றாக இணங்குகின்றன. மலத்தில் உதிரும் கலங்களின் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனையொன்றை அமெரிக்கா 2014இல் அங்கீகரித்தது.

பரம்பரைப் பிழை இல்லையென்றாலும், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து மற்றவர்களைவிடச் சற்றுக் கூடத்தான். நேரத்தோடு கமரா விட்டுப் பார்த்துப் பொலிப்பை எடுத்துவிட்டால் அது புற்றாக முற்றாது. சாச்சியின் தங்கச்சிக்கு நாற்பத்தெட்டு வயது. அவவுக்கு இன்னும் 'அல்சர்' என்றுதான் தெரியும். உண்மையைச் சொல்லிவிடும்படி சாச்சியே என்னிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போக இருக்கிறேன்.