ஆளுக்கொரு பூட்டு! அசையாத கணினி!



பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட் விவரம் எல்லாம் கணினியில் டேட்டாபேஸ் என்னும் பெரிய பதிவேட்டில் இருக்கின்றன. நம்ம வருகைப் பதிவேடு மாதிரி அட்டவணை போட்டு, வரி வரியாகத் தகவலை வைக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் என்பவர் எழுதி வெளியிட்டார். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

பூட்டு எதற்கு?

ஒரே கணக்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் தொகை தப்பாகிவிடும். அதனால் ஒரு வேலை நடக்கும்போது அந்த வரியைக் கணினி பூட்டி வைக்கும். வேலை முழுசாக முடிந்த பிறகுதான் திறக்கும். நல்லதுதானே? ஆனால் அதிலேயும் ஒரு சிக்கல் வருது!

டெட்லாக் என்றால் என்ன?

ஒருவர் 101-ஆம் கணக்கிலிருந்து 205-க்கு 500 ரூபாய் அனுப்புகிறார். அதே நொடியில் இன்னொருவர் 205-இலிருந்து 101-க்கு 300 ரூபாய் அனுப்புகிறார். முதல் வேலை 101-ஐப் பூட்டிவிட்டு 205-க்காகக் காத்திருக்கும். இரண்டாவது வேலை 205-ஐப் பூட்டிவிட்டு 101-க்காகக் காத்திருக்கும்.

ஒருத்தி கவராயத்தையும் இன்னொருத்தி பென்சிலையும் வச்சுக்கிட்டு, "நீ முதல்ல குடு"ன்னு உட்கார்ந்திருந்தா யாராவது வட்டம் வரைய முடியுமா? அதே கதைதான். இதற்குப் பெயர் டெட்லாக். இரண்டு பேர் மேலேயும் தப்பு இல்லை. ஆனாலும் வேலை நடக்காது!

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று கணினி அம்புக்குறி போட்டுப் பார்ப்பது போலச் சோதிக்கும். அம்பு சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தால் டெட்லாக். போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருள், ஒரு வேலை 1 நொடி காத்திருந்த பிறகு சோதிக்கும். எஸ்.க்யூ.எல். சர்வர் வழக்கமாக 5 நொடிக்கு ஒரு முறை பார்க்கும்.

கண்டுபிடித்ததும் ஒரு வேலையை ரத்து செய்து, அது பாதி எழுதியதை அழித்துவிடும். மற்ற வேலை முடிந்துவிடும். அதனால் யார் பணமும் நடுவில் தொலையாது. எஸ்.க்யூ.எல். சர்வரில் ரத்தான வேலைக்கு 1205 என்ற பிழை எண் வரும். மை எஸ்.க்யூ.எல். மென்பொருளில் கடைசியாக வந்த டெட்லாக்கின் விவரத்தைக் கேட்டு வாங்கலாம். எந்த வேலை எந்தப் பூட்டுக்காக நின்றது என்று அதில் இருக்கும்.

வராமல் தடுப்பது எப்படி?

1. எல்லா வேலையும் ஒரே ஒழுங்கில் பூட்ட வேண்டும். சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. அப்போ இரண்டு பேரும் 101-ஐத்தான் முதலில் கேட்பார்கள். ஒருவர் போவார், மற்றவர் நிற்பார். அவ்ளோதான்! இதுதான் முக்கியமான வழி.

2. பூட்டை ரொம்ப நேரம் வச்சுக்கக் கூடாது. வேலையைச் சின்னதாக வச்சு சீக்கிரம் முடிக்கணும்.

3. இன்டெக்ஸ் வேண்டும். அது புத்தகத்துப் பொருளடக்கம் மாதிரி. அது இல்லாவிட்டால் தேவையில்லாத வரிகளும் பூட்டப்படலாம்.

4. இவ்வளவு செய்தும் டெட்லாக் வரலாம். அதனால் ரத்தான வேலையை மறுபடி செய்யும்படி நிரல் எழுதணும். இல்லாட்டி அனுப்பின பணம் போய்ச் சேராது.

சிந்திக்க ஒரு கேள்வி!

101-இலிருந்து 205-க்கும், 205-இலிருந்து 309-க்கும், 309-இலிருந்து 101-க்கும் மூன்று பேர் ஒரே நொடியில் பணம் அனுப்பினால் என்ன ஆகும்? முதல் வழி இங்கேயும் உதவுமா? அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். விடை அடுத்த இதழில்!