நாய்க்கு நேரும் காரணந் தெரியாத ரணங்கள்

குடியானவனுடைய உடைமைகளுள் எந்தக் கணக்கிலும் ஏறாதது அவன் வளர்க்கும் நாயாகும். உழவுமாட்டிற்குப் பருத்திக்கொட்டையும் கறவைக்குப் பிண்ணாக்கும் விலைகொடுத்து வாங்குகின்றவன், நாய்க்கு மிஞ்சிய சோற்றையே இடுகின்றான். எனினும் இரவில் களத்தையும் கொட்டிலையும் காத்து நிற்பது அந்த நாயே. அதற்கு ஒரு காயம் நேர்ந்தால் அதைப் பொருட்படுத்துவோர் சிலரே. நாய் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்பது பெரும்பாலோருடைய எண்ணம். இவ்வெண்ணத்தால் நாய்க்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கொட்டிலிலுள்ள மாடுகளுக்குங்கூட ஆபத்து விளையலாம்.

முன்னர்த் தென்னாற்காடு ஜில்லாவிலும் இப்பொழுது விழுப்புரம் ஜில்லாவிலும் அடங்கிய மரக்காணக் கடற்கரையில் இவ்விஷயம் தனிக் கவனத்திற்குரியது. பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே முடிவுறுவது இவ்விடத்திலேயே. உப்பளப் பாத்திகளும், 2021 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரியும், சவுக்குத் தோப்புகளும், சீமைக் கருவேலம் புதர்களும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. உப்பளத் தொழிலாளர் விடியுமுன் வேலைக்குச் செல்லுகையில் நாய்களும் உடன் செல்லும். இரவில் அவை நரியையும் கீரியையும் பிற ஊர் நாய்களையும் துரத்தித் திரியும். மறுநாட் காலையில் தோளிலோ தொடையிலோ ஒரு ரணத்துடன் திரும்பும். எதனால் நேர்ந்தது என்பதை எவரும் கண்டிலர், நாயும் சொல்லப்போவதில்லை.

இத்தகைய ரணத்தை இரண்டு தனிக் கணக்குகளாகக் கொள்ளவேண்டும். சதையில் உண்டான புண்ணை ஆற்றுவது முதற் கணக்கு. கடித்த பிராணி வெறிகொண்டதாக இருந்திருக்கலாம் என்னும் சந்தேகத்தைத் தீர்ப்பது இரண்டாவது கணக்கு. முதற் கணக்குத் தீர்ந்ததால் இரண்டாவதும் தீர்ந்தது என்று எண்ணுவதே பெரும் பிழை.

காரணத்தை ஊகித்தல்

ரணத்தை மயிர் விலக்கிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். இரண்டிரண்டாக அமைந்த சிறு துவாரங்கள் பெரும்பாலும் பல் பட்டதன் அடையாளம். நாயின் தோல் தளர்ந்திருப்பதால், மேலே சிறு துவாரமே தெரிய, உள்ளே சதை கிழிந்து சீழ் கோத்திருக்கலாம். நேர்க்கோடாக அறுந்த ரணம் கம்பி, தகரம் முதலியவற்றால் நேர்ந்ததாக இருக்கக்கூடும். ஆறுவதும் மீண்டும் உடைவதுமாக இருக்கும் ரணத்தினுள் கருவேல முள் முறிந்து தங்கியிருக்கலாம். மீனவர் குப்பங்களில் தூண்டில் முள்ளையும் மறத்தலாகாது. கழுத்தைச் சுற்றி வளையமாகப் புண் காணின், குட்டிப் பருவத்திற் கட்டிய கயிறு நாய் வளர வளரச் சதைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். திடீரென்று கால் அல்லது முகம் வீங்கி நாய் சோர்ந்து விழுமாயின் பாம்புக்கடி என்று கருதித் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இவை யாவும் ஊகமே. கடி அன்று என்பது ஐயமறத் தெரிந்தாலன்றி, காரணந் தெரியாத ரணத்தைக் கடி என்றே கொண்டு நடப்பது விவேகம்.

முதற் சிகிச்சை

நோவுற்ற நாய் எசமானனையும் கடிக்கும். ஆகையால் அதன் வாயை மெல்லிய துணிப்பட்டையால் கட்டிய பின்னரே ரணத்தைத் தொடவேண்டும். மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் வாய்க்கட்டு ஆகாது. கையில் ரப்பர் உறை அணிதல் அவசியம். குழந்தைகளை அருகில் விடலாகாது.

ஓர் எச்சரிக்கை இங்கே கூறத்தக்கது. நாயின் தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்கமாட்டாமல் இருப்பின், தொண்டையில் எலும்பு சிக்கியது என்றெண்ணி வாய்க்குள் கையிடுவோர் உண்டு. இது வெறிநோயின் ஊமை வகைக்குரிய குறியாக இருக்கலாம். அத்தகைய நாயைத் தொடாமல், ஓர் அறையில் அடைத்துவிட்டு, கால்நடை வைத்தியருக்குச் செய்தி அனுப்புவதே முறை.

மற்ற நாய்களில், இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிறகு ரணத்தைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, சோப்பும் ஓடும் ஜலமும் கொண்டு 15 நிமிஷம் கழுவவேண்டும். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது; சோப்பு அவ்வுறையைக் கரைத்துக் கிருமியை அழிக்கின்றது. இதனினும் எளிய மருந்து வேறில்லை. அதன்பின் போவிடோன் அயோடின் மருந்தை வெறுந்தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து ரணத்தில் விடலாம். நாய் நக்காதிருக்க, அடி நீக்கிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டிவைக்கலாம்.

மார்பு, வயிறு, கண் இவற்றில் ஏற்பட்ட ரணத்தையும், எலும்பு முறிந்த ரணத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு காலங்கழிக்கலாகாது. பல் பட்ட ரணத்தை உடனே தைத்து மூடும்படி வைத்தியரை வற்புறுத்துவதும் தகாது. சீழ் வடிய வழி இருத்தல் வேண்டும்.

உப்புநீரின் அளவு

உப்பு விளையும் ஊரில் புண்ணுக்கு உப்புநீர் என்பது பழகிய வைத்தியம். ஆனால் அளவறிந்து செய்தல் வேண்டும். உடலின் நீருக்கு ஒத்த உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பே உண்டு. கடல் நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உண்டு. பாத்தியில் உப்புப் பூக்கும் நிலையிலுள்ள நீரில் லிட்டருக்கு 250 கிராமுக்கும் மேற்பட்ட உப்பு இருக்கும். முதலாவது ரணத்தைச் சுத்தம் செய்யும். மூன்றாவதோ ஆறத் தொடங்கிய இளஞ்சதையின் நீரை உறிஞ்சி அதனைக் கொன்றுவிடும். உப்பு எடுத்த பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரும் அத்தன்மையதே. காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் ஜலத்தில் சுத்தமான தூள் உப்பு ஒரு தேக்கரண்டியை மட்டமாக இட்டுக் கரைத்து, தினம் இருமுறை கழுவினால் போதும்.

சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, புகையிலைச் சாறு, மண்ணெண்ணெய், பினாயில், பழைய பாட்டரியின் கரிப்பொடி ஆகிய யாவும் விலக்கத்தக்கவை. மனிதருக்குரிய வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்கலாகாது. அவற்றுள் ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் போன்றவை நாயின் வயிற்றிற் புண் உண்டாக்குவதுடன் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

புழு விழுதல்

ஈரமான ரணத்தின் ஓரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிப்பட்டு உயிருள்ள சதையைத் துளைத்துச் செல்லும். துர்நாற்றமும், நாய் ஓயாமல் ஓரிடத்தைக் கடித்துக்கொள்வதும், சிறு துவாரத்தினுள் அசைவு தெரிவதும் இதன் குறிகள். புழுக்களை ஒன்றும் எஞ்சாமல் எடுக்கவேண்டுமாதலால் இது கால்நடை வைத்தியர் செய்யவேண்டிய வேலை. ரணத்தைச் சுத்தமாக வைப்பதும், ஈ புகாத இடத்தில் நாயைக் கட்டுவதுமே இதைத் தடுக்கும் வழிகள்.

இவ்வாறு கவனித்தால் சிறு ரணம் இரண்டு வாரங்களிலும், பெரிய ரணம் மூன்று முதல் ஆறு வாரங்களிலும் பெரும்பாலும் ஆறிவிடும். நாய் முன்போல் உண்ணும், ஓடியாடும். வீட்டார் காயத்தையே மறந்துவிடுவர். முதற் கணக்கு இவ்விடத்தில் முடிகின்றது.

இரண்டாவது கணக்கு

வெறிநோய்க் கிருமி ரணத்திலேயே தங்குவதில்லை. நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைகின்றது. கடிபட்ட நாயினிடம் நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் 3 முதல் 8 வாரங்கள் செல்லும். சில சமயம் பல மாதங்களும் ஆகும். அதாவது, ரணம் நன்றாக ஆறி, எல்லோரும் நிம்மதியடைந்திருக்கும் அக்காலமே அபாயகாலம். குறி தோன்றிய பின் மருந்தில்லை. சுமார் பத்து நாட்களுக்குள் மரணம் நிச்சயம்.

பத்து நாள் என்னும் கணக்குக் கிராமங்களில் வழங்கி வருகின்றது. அதைப் பிழையாகப் பயன்படுத்துவோர் பலர். மனிதனைக் கடித்த நாய் அன்றிலிருந்து பத்து நாள் நோயின்றி இருப்பின், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்பதே அக்கணக்கின் பொருள். வேறொரு பிராணியால் தானே கடிபட்ட நாய்க்கு அக்கணக்குப் பொருந்தாது. அது பத்தாம் நாள் ஆரோக்கியமாயிருந்து ஐம்பதாம் நாள் வெறிகொள்ளலாம்.

ஆகையால் காரணந் தெரியாத ரணம் கண்ட அன்றே, முன்பு தடுப்பூசி போட்ட நாயாயினும், மறு ஊசி போடுவித்து ஆறு வாரங்களுக்கு மேல் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். ஒருபொழுதும் ஊசி போடாத நாய்க்கு 0, 3, 7, 14, 28 ஆம் நாட்களில் ஊசி போடுவது நம் நாட்டுக் கால்நடை வைத்தியர்களின் வழக்கம். அத்தகைய நாயைப் பல மாதங்கள் குழந்தைகளும் கால்நடைகளும் நெருங்காத இடத்தில் வைத்திருத்தல் அவசியம். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் வைத்தியர் கூறும் தவணைப்படி ஆண்டுதோறும் ஊசியும் போட்டுவந்தால் இத்தொல்லைகளிற் பெரும்பகுதி நேராது.

ரணத்தைக் கழுவியவர் கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்து, அதில் எச்சில் பட்டிருக்குமாயின், அவரும் கையைச் சோப்பால் நன்கு கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நாய் கடித்தாலோ நகத்தாற் கீறினாலோ சொல்லவேண்டுவதே இல்லை. மனிதருக்குரிய ஊசி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படுகின்றது.

குன்னூர் ஸ்தாபனம் தோன்றிய வரலாறு

இந்த ஊசி இன்று எளிதிற் கிடைப்பதால் அதன் அருமை தெரிவதில்லை. 1885 ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இச்சிகிச்சையைச் செய்தார். 1900 ஆம் ஆண்டில் இமயமலைப் பிரதேசத்தின் கசௌலியில் ஒரு பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. சென்னை ராஜதானியில் கடிபட்டவர்களுக்கு அது எட்டாத தூரம். 1902 ஆம் ஆண்டில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் பெண்மணி இந்நோயால் இறந்தது, தென்னாட்டிலும் இத்தகைய ஸ்தாபனம் வேண்டும் என்னும் முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. அமெரிக்கரான ஹென்றி பிப்ஸ் இந்தியாவுக்கு வழங்கிய நன்கொடையின் ஒரு பகுதி பூசாவின் விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்திற்கும், மற்றொரு பகுதி குன்னூர் ஸ்தாபனத்திற்கும் பயன்பட்டது. குன்னூரில் 1907 ஆம் ஆண்டில் சிகிச்சை தொடங்கியது. பயிரின் நோய்க்கும் நாய்க்கடிக்கும் ஒரே கொடை உதவியது குறிப்பிடத்தக்கது.

ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து, நாள்தோறும் வயிற்றிற் போடப்பட்ட பழைய ஊசி 2005 ஆம் ஆண்டளவில் நம் நாட்டிற் கைவிடப்பட்டது. இப்பொழுதுள்ள ஊசி கையிற் போடப்படுவது, தவணைகளும் குறைவு. அவ்வாறிருந்தும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. கடிபடுவோரில் பத்தில் நால்வர் 15 வயதிற்குட்பட்ட பாலர். மருந்து இல்லாமையால் இவர்கள் இறந்தாரல்லர்; உரிய காலத்தில் அதைத் தேடாமையே பெரும்பாலும் காரணம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

ஊரில் ஒரு நாயோ நரியோ காரணமின்றிப் பல பிராணிகளைக் கடித்ததாகத் தெரிந்தால், கடிபட்ட மனிதர், நாய், மாடு, ஆடு ஆகிய யாவற்றையும் அன்றே ஜாபிதா எடுத்து, கால்நடை மருந்தகத்திற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் அறிவிக்கவேண்டும். 1962 என்னும் எண்ணில் தொலைபேசி மூலம் கால்நடை மருத்துவ உதவி கோரலாம். கடிபட்ட மாட்டை மறைத்து விற்பது பிறர்மேல் ஆபத்தைத் தள்ளுவதாகும். மாடு ஓயாமல் கதறுவதும், எச்சில் ஒழுக விழுங்க இயலாமல் நிற்பதும் வெறிநோயின் குறிகளாக இருக்கலாம். அதன் வாயிலும் கையிடலாகாது. அதன் பாலையும் இறைச்சியையும் பயன்படுத்தலாகாது. வெறிகொண்டதென்று சந்தேகிக்கப்படும் பிராணி இறந்தால் முதலில் வைத்தியருக்குத் தெரிவித்து, அவர் பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்த பின் ஆழமாகப் புதைக்கவேண்டும். ஊர் நாய்களுக்கு ஊசி போடும் முகாம் நடக்குங்கால் முன்கூட்டியே தண்டோராப் போட்டு, எல்லா நாய்களும் வரும்படி செய்வது பஞ்சாயத்தாரின் பொறுப்பு.

நாய் ரணத்துடன் திரும்பிய நாளை வீட்டுப் பஞ்சாங்கத்தில் குறித்துவைப்பது நல்லது. ஊசித் தவணைகளையும் அதன் கீழேயே எழுதிவைக்கவேண்டும். புண் ஆறிய நாளன்று, கடைசித் தவணையும் கவனிப்புக் காலமும் முடிந்தனவா என்று அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்த பின்னரே நாயைக் கட்டவிழ்த்துவிடலாம்.